வட்டப் பலகைல போட்ட புள்ள

சார், மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். சுடுகாட்டு மதிலு ஓரமா நெழலு நல்லா இருந்தா அங்கயே வண்டிய ஓரங்கட்டிட்டு தார்ப்பாய விரிச்சி தூங்கறவன் நான். டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெக்கிறதெல்லாம் எங்க வூட்டுக்காரி வேல, அவ வெப்பா, நான் ஏத்திட்டுப் போவேன், அவ்ளோதான் நமக்கும் அதுக்கும் சம்பந்தம். டீக்கடைல எவனாவது பேயி பிசாசுன்னு ஆரம்பிச்சான்னா நான் டம்ளர வெச்சிட்டு எழுந்துடுவேன், உக்காந்து கேக்கறதுக்கு எனக்குத் தெம்பு கெடையாது. அதனால நான் சொல்றத நீங்க நம்பலன்னா எனக்கு ஒண்ணும் கோவம் வராது. தூக்கக் கலக்கம்னு சொல்லுவீங்க, எங்க வூட்லயே அதத்தான் சொல்றாங்க. சொல்லிட்டுப் போங்க, மல்லுக்கட்ட முடியல.

எனக்கு ஊரு கண்ணமங்கலம், பேரு ஏழுமலை. குட்டி யானை ஒண்ணு வெச்சிருக்கேன், சின்ன லோடு வண்டிதான், எங்க பக்கம் அப்பிடித்தான் சொல்லுவோம். ஜவ்வாது மலைல இருந்து சாமை, புளி, பலாப்பழம், சீசனுக்கு இன்னா கெடைக்குதோ அத ஏத்திகினு அமிர்தி வழியா கீழ எறக்குவேன். வர மார்கழி வந்தா மூணு வருஷம் ஆவுது இது நடந்து. அந்த வாரம் எனக்கு உடம்பே உடம்பா இல்ல. ரெண்டு ராத்திரி சேந்தாப்ல வெங்காய லோடு ஓட்டிட்டு, வூட்டுக்குப் போயி குளிச்சிட்டு, திரும்ப மலை. இடுப்பு கழண்டு போச்சி. கண்ணுக்குள்ள மணலு போட்டாப்ல ஒரு எரிச்சலு. தூங்கினா நாலு நாளு தூங்கணும்னு நெனச்சிகினே ஓட்டிகினு இருந்தேன். இதையும் நானே சொல்லிடறேன், அப்பால நீங்க கண்டுபுடிச்ச மாரி சொல்லாதீங்க.

மலை மேல பொட்டப் புள்ளைங்க தங்கிப் படிக்கிற ஆஸ்டல் ஒண்ணு கீது, ரெண்டு சிஸ்டருங்க நடத்தறாங்க, பக்கத்துலயே சின்னதா ஒரு மாதா கோயிலு. அந்தப் பெரிய சிஸ்டரு திருநெல்வேலி பக்கம். அன்னிக்கி நான் புளி மூட்டையும் சாமை மூட்டையும் ஏத்திகினு இருக்கறப்ப வந்து, "ஒரு படம் இருக்கு, வேலூர்ல பெயின்டர் தம்பிகிட்ட எறக்கிட்டுப் போவீயளா"ன்னு கேட்டாங்க. சரின்னு போனா, மாட்டு வண்டி சக்கரம் கணக்கா ஒரு வட்டப் பலகை. நாலு அடி இருக்கும். அதுல ஏசு பொறந்த படம். அந்தம்மா முட்டி போட்டு கைய கூப்பிகினு கீறாங்க, வயசானவரு ஒருத்தரு கன்னத்துல கைய வெச்சி சாஞ்சி உக்காந்துகினு கீறாரு, என்ன மாரியே அசந்து போன ஆளு. கொழந்த கீழ வைக்கோல்ல கெடக்குது, துணி கூட இல்ல.

"இன்னா சிஸ்டர், படத்த போயி வட்டமா போட்டுக்கீறாரு"ன்னேன். அவங்க ஒரு புக்கு கொண்டாந்து காட்டினாங்க. இத்தாலி தேசத்துல ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி இப்பிடித்தான் வட்டமா வரைவாங்களாம், அதப் பாத்து வரையச் சொல்லிக் குடுத்தாங்களாம். கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம்தான் கீது, அப்பறம் ஏன் திருப்பி அனுப்பறீங்கன்னு கேட்டதுக்கு, படத்துல கொழந்த தலைமாட்டுல இருந்த எடத்த காட்டினாங்க. சொம்மா பழுப்பு பெயின்ட அடிச்சி வுட்டிருந்தான்.

"பாத்தீயளா, மாட்டையும் கழுதையையும் விட்டுட்டான். கேட்டா, மிருகம் எனக்கு சரியா வராது சிஸ்டர், அப்புறம் போட்டுக்கலாம்ங்கான். அந்தக் குளிர்ல பிள்ளைக்கு மூச்சு விட்டு சூடு குடுத்ததே அது ரெண்டுந்தான. அது இல்லாம என்ன குடில்?"

எனக்கு இன்னா தெரியும் இதெல்லாம். படத்து மேல பழைய கம்பளிய சுத்தி, மூட்டைங்க மேல மல்லாக்கப் படுக்க வெச்சி, கயிறு போட்டு, தார்ப்பாய இஸ்து மூடிட்டு கெளம்பிட்டேன். மணி ரெண்டரை இருக்கும். பட்டப் பகலு சார், அத ஞாபகம் வெச்சிக்கோங்க. ஆனா மழை தூறிகினே கீது, பனி மூட்டம் வேற, ரோட்டுல பத்தடிக்கு அப்பால ஒண்ணும் தெரியல.

ஒரு ஏழு எட்டு கிலோமீட்டரு வந்திருப்பேன். ரோட்டோரம் மூணு பேரு. ஒருத்தன் நடுரோட்டுக்கு வந்து ரெண்டு கையயும் ஆட்றான். பொய் சொல்லக் கூடாது, நிறுத்தாம போயிடலாமான்னு ஒரு நிமிசம் நெனச்சேன். அவ்ளோ அசதி. அப்பறம் பாத்தா அந்தப் பொண்ணு வயித்த புடிச்சிகினு கல்லு மேல உக்காந்திருக்குது. பிரேக்க போட்டுட்டேன்.

"அண்ணா, ஆஸ்பத்திரிக்கு எறக்கி வுடுங்கண்ணா. ஆம்புலன்ஸுக்கு சொல்லி ஒண்ணரை மணி நேரம் ஆவுது, வேற கேஸுக்குப் போயிருக்குதாம். நாளு இன்னும் ரெண்டு வாரம் இருந்துச்சி, காலைலயே வலி எடுத்துட்ச்சி" அப்பிடின்னான் அந்த ஆளு. பேரு வெங்கடேசன், மலைக்காரங்கதான், சாமை வெதைக்கிற குடும்பம். அந்தப் பொண்ணு அவன் பொஞ்சாதி குமாரி. கூட இருந்தது அவனோட அக்கா பொன்னி, நாப்பது வயசு இருக்கும், இடுப்புல ஒரு துணிப் பையி. பொம்பளைங்க ரெண்டு பேரையும் பின்னாடி மூட்டை மேல ஏத்தி, படத்துக்குப் பக்கத்துல எடம் பண்ணிக் குடுத்தேன். வெங்கடேசன் முன்னாடி என் பக்கத்துல உக்காந்தான்.

அவன் பேசிகினே வந்தான். பயந்தவன் வாய மூட மாட்டான் பாருங்க. இது மூணாவது புள்ளையாம். மொதலு ஒண்ணு பொறக்கும்போதே போய்ட்ச்சாம். ரெண்டாவது ஒம்போது நாளு இருந்து போச்சாம். "இதுவும் போச்சின்னா குமாரி இருக்க மாட்டாண்ணா, அவளே சொல்லிட்டா" அப்பிடின்னான். நான் வண்டிய கொஞ்சம் வேகமா வுட்டேன்.

அவங்க பக்கம் ஒரு வழக்கம் கீது, நம்ம பக்கமும் பழைய ஆளுங்க செய்வாங்க. ரெண்டு புள்ள தவறிப்போன வூட்ல மூணாவது பொறந்தா, அத ஆத்தாக்காரி தொடக் கூடாது. பொறந்த ஒடனே முறத்துல போட்டு, இது எங்க புள்ள இல்ல, குப்பைல கெடந்தது, யாருன்னா வாங்கிக்கோங்கன்னு வெளியாளு ஒருத்தர கேக்கணும். மூணு வாட்டி கேக்கணும். அவரு ஒரு புடி தவுட்ட குடுத்து, வாங்கிக்கினேன்னு வாயால சொல்லணும். அதோட, பெத்தவங்களே வளத்தாலும் அது வாங்கினவரு புள்ள, எமனுக்கு அந்த வூட்டுக் கணக்குல புள்ளையே இல்ல. அப்பால அது வளந்து காது குத்தும்போது வாங்கினவரு திருப்பிக் குடுத்தேன்னு சொல்லணும். குப்பன், குப்பம்மா, பிச்சைன்னு பேரெல்லாம் இதுல வர்றதுதான்.

மூணாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியிருப்போம், பின்னாடி கண்ணாடிய பொன்னி தொப்பு தொப்புன்னு தட்டினா. வண்டிய மலைப் பக்கமா ஒதுக்கி நிறுத்தி, டயருக்கு கல்லு குடுத்துட்டு ஓடினேன். வெங்கடேசன் உள்ள ஏறி பொண்டாட்டி தலைய மடில வெச்சிகினான். நான் பின் கதவாண்ட, தார்ப்பாய ஒரு கையால தூக்கிப் புடிச்சிகினு, இன்னொரு கையால போன் டார்ச்ச அடிச்சிகினு நிக்கறேன். கால் மணி நேரம் கூட ஆவல. புள்ள வந்துட்ச்சி.

பொட்டப் புள்ள. அழுவல.

பொன்னி பையில இருந்து நூலு எடுத்துக் கட்டி, பிளேடு எடுத்து கொடிய அறுத்தா, பழைய வேட்டித் துணியால வாயெல்லாம் தொடச்சா. தேங்கா எண்ணெ கூட கொண்டாந்திருந்தா. அப்பறம் பையில கைய வுட்டு தொழாவறா, தொழாவறா, திடீர்னு நெஞ்சில அடிச்சிகினா. "டேய் வெங்கடேசா, முறம்டா. முறத்தயும் தவுட்டயும் அடுப்பு மேலயே வெச்சிட்டு வந்துட்டேன்டா, பாவி நானு."

நான் அப்ப எரிச்சலாதான் இருந்தேன் சார். புள்ள நீலமா கெடக்குது, இவ முறத்துக்கு அழுவறா. வாயில வந்தத சொன்னேன். "வட்டமா ஒரு பலகை கீது, அது ஆவுமா பாரு."

"ஆவும், குடுங்க" அப்பிடின்னா.

கம்பளிய உருவிட்டேன். துணி இருக்கக் கூடாதாம், புள்ள தோலு பலகைல படணுமாம். அந்தப் படத்து மேலயே போட்டா. தலை, அந்தப் பழுப்பு பெயின்ட அடிச்ச எடத்துல இருந்துச்சி. இந்தப் பக்கம் முட்டி போட்ட அம்மா, அந்தப் பக்கம் அசந்து போன பெரியவரு, நடுவுல இது. டார்ச்ச அதும்மேல அடிக்க எனக்கு மனசு வரல, கொஞ்சம் தள்ளி அடிச்சேன்.

பொன்னி பக்கத்துல கிழிஞ்சிருந்த மூட்டையில இருந்து ஒரு புடி சாமைய அள்ளி, தவுட்டுக்கு பதிலா, என் போன வாங்கி மூட்டை மேல வெச்சிட்டு, அந்தக் கைல வெச்சி அழுத்தினா. "வெளியாளு நீங்கதான்ணா கீறீங்க. இத பலகைல போட்டுட்டு, வாங்கிக்கினேன்னு சொல்லுங்கண்ணா."

அப்பறம் கேட்டா. "குப்பைல கெடந்த புள்ள, வாங்கிக்கிறியா?"

எனக்கு வாயே தொறக்கல சார். இத நான் ரொம்ப பேருகிட்ட சொன்னதில்ல. எங்களுக்கு மொதல் புள்ள இப்பிடித்தான், ஆம்பளப் புள்ள, அழுவவே இல்ல. ஆஸ்பத்திரில துணியில சுத்தி என் கைல குடுத்தாங்க. நான்தான் வாங்கினேன், நான்தான் கொண்டு போயி பொதைச்சேன். ஒரு பூன அளவுக்குத்தான் கனம். அந்தக் கனம் இன்னும் இந்தக் கைல கீது. இன்னொரு வாட்டி, இன்னொருத்தர் புள்ளைய, செத்துப் போனத, வாங்கிக்கினேன்னு சொல்றதுக்கு எனக்கு தெகிரியம் இல்ல. மனசாட்சிக்கு விரோதமா இல்ல, அப்பிடியெல்லாம் பெரிய வார்த்தை ஒண்ணும் இல்ல, பயம், வெறும் பயம். சாமைய இறுக்கிப் புடிச்சிகினு தலைய குனிஞ்சிகினேன்.

ரெண்டாவது வாட்டி கேட்டா. குமாரி கண்ண மூடிகினு கெடக்கறா, கேக்குதா இல்லையான்னு தெரியல. வெங்கடேசன் என்னயே பாக்கறான். "சொல்லுங்கண்ணா, சொல்லுங்கண்ணா"ன்னு ஒதடு மட்டும் ஆடுது. நான் சொல்லல.

மூணாவது வாட்டி பொன்னி கேக்கும்போது அவ கொரலு ஒடஞ்சி போச்சி.

அப்பத்தான் சார் அந்த வாசனை வந்துச்சி. வெடியகாலைல மாட்டுக் கொட்டாய்க்குள்ள நொழைஞ்சா அடிக்குமே, சாணி வாசனை இல்ல, மூச்சு வாசனை, வைக்கோல மென்னு மென்னு சூடா வர்ற வாசனை. அதுவரைக்கும் உள்ள பெயின்ட் வாசனையும் ரத்த வாசனையும்தான். ஈரக் காத்துல என் கை வெறைச்சிப் போயி கெடந்துச்சி, தார்ப்பாய புடிச்சிருந்த கை. அந்தக் கைல சூடா காத்து படுது. விட்டு விட்டு படுது. தார்ப்பாய் உள்பக்கமெல்லாம் ஆவி புடிச்சி சொட்டு சொட்டா வுழுது. சரி, எதுனா மாடு வந்து பின்னாடி நிக்குதுன்னு திரும்பிப் பாத்தேன். ரோட்டுல ஒண்ணும் இல்ல, பனிதான். காத்து என் பின்னாடி இருந்து வர்ல, வண்டிக்குள்ள இருந்துதான் வருது, புள்ள தலைமாட்டுப் பக்கத்துல இருந்து. அந்தாண்ட மூட்டை, மூட்டைக்கு அப்பால கேபின் தகரம். பூனக்குட்டி நொழைய எடம் கெடையாது.

உள்ள இருந்து "ம்ம்ம்"னு ஒரு சத்தம். பெருசா இல்ல. தீவனத்த பாத்துட்டு மாடு வயித்துக்குள்ளயே ஒரு சத்தம் குடுக்குமே, அது மாரி. எனக்கு அவ்ளோதான் கேட்டுச்சி.

பொன்னி ரெண்டு கையயும் தலைக்கு மேல தூக்கி, "போதும் சாமி, போதும்"னா. அவ கைய எறக்கறதுக்குள்ள புள்ள அழுதுட்ச்சி. சின்ன அழுவைதான், கதவு கிறீச்சிடற மாரி. அப்பறம் நல்லா அழுதுச்சி. வெங்கடேசன் அவன் பாட்டுக்கு கேவி கேவி அழுவறான். நான் கல்ல எடுத்துட்டு போயி வண்டிய எடுத்தேன். எப்பிடி எறக்கினேன்னு கேக்காதீங்க, எல்லா வளைவும் எறங்கி கீழ வந்துட்டேன், அவ்ளோதான் தெரியும்.

ஆஸ்பத்திரில நர்ஸம்மா புள்ளைய தொடச்சிகினு இருந்தாங்க. அவங்கதான் கேட்டாங்க, "முதுகு தேச்சது யாரு?"

நாங்க ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கறோம். பொன்னி, நான் தேய்க்கலங்கறா. வெங்கடேசன், நான் பொண்டாட்டி தலைய புடிச்சிகினு இருந்தேன்ங்கறான். நான் கிட்டவே போவல.

"யாரோ நல்லா தேச்சிருக்கீங்க, அதனாலதான் மூச்சு வந்திருக்குது, பொழச்சுது. ஆனா இன்னாத்தால தேச்சீங்க, தேங்கா நாராலயா? பச்சப் புள்ள தோலு பாருங்க, ரெண்டு பக்கமும் செவந்து சொரசொரன்னு கீது. இங்க அகலமா, இங்க சின்னதா." அப்பிடியே புள்ளைய திருப்பிக் காட்டினாங்க. தலைல முடி எல்லாம் ஈரமா, ஒரே பக்கமா படிஞ்சி இருந்துச்சி. கன்னு போட்ட மாட்ட பாத்திருக்கீங்கல்ல, போட்ட ஒடனே கன்ன நக்கி நக்கி எழுப்பும். அந்தக் கன்னுக்குட்டி முடி எப்பிடி இருக்கும், அப்பிடி. பொன்னிக்கும் அது புரிஞ்சிட்ச்சி, மாடு வளக்கற பொம்பள. அவ முந்தானையால புள்ள தலைய மூடிட்டா.

நான் வெளிய வந்து பெஞ்சில உக்காந்தேன். சட்டைப் பையில கனமா இன்னாவோ இருக்குது, கைய வுட்டா சாமை. அந்த ஒரு புடி சாமை. எப்ப பையில போட்டேனோ தெரியல, ஆனா நான் அத குடுக்கல, பலகைல போடல. மெய்யாலுமே நான் அந்தப் புள்ளைய வாங்கல சார்.

படத்த தொடச்சி, பெயின்டர் தம்பிகிட்ட எறக்கிட்டு வூட்டுக்குப் போயி தூங்கினேன். மறுநாளு சாயங்காலம்தான் எழுந்தேன். எங்க வூட்டுக்காரிகிட்ட சொன்னா, அவ நெத்தில கைய வெச்சிப் பாத்துட்டு, "ரெண்டு ராத்திரி தூங்காதவனுக்கு மாட்டு வாசனையும் வரும், யானை வாசனையும் வரும், இந்தா கஞ்சிய குடி"ன்னா. நானும் சரின்னு வுட்டுட்டேன். வுட்டிருப்பேன். அதுக்கு அடுத்த வாரம் எங்க ஊரு குளத்தாண்ட சலவைக்காரரு கழுதைய ஓட்டிகினு போறாரு, பாதையில ஒதுங்கி நின்னேன், அது என் தோளுகிட்ட மூச்ச வுட்டுட்டுப் போச்சி. நான் அங்கயே உக்காந்துட்டேன். அன்னிக்கி வண்டியில மாட்டு வாசனையோட இன்னொண்ணும் கலந்து இருந்துச்சி, இன்னான்னு புடிபடாமயே இருந்துச்சி. இதுதான். மலை மேல கழுதையே கெடையாது சார்.

கிறிஸ்மஸுக்கு மொத நாளு படத்த திருப்பி நான்தான் கொண்டு போனேன். தம்பி மாட்டையும் கழுதையையும் போட்டிருந்தான், சுமாராத்தான் வந்திருந்துச்சி. சிஸ்டருகிட்ட மறைக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் சொன்னேன், படத்து மேல புள்ளைய போட்டுட்டோம், தப்பா எடுத்துக்காதீங்கன்னு. அவங்க பலகை ஓரத்த கையால தடவிப் பாத்தாங்க. அப்பறம் சொன்னாங்க, "அந்த இத்தாலில பிள்ளை பெத்தவளுக்கு இப்படி வட்டப் பலகையிலதான் சாப்பாடு கொண்டு போய் குடுப்பாவளாம். அந்தப் பலகையில படம் வரைஞ்சு வரைஞ்சுதான் அப்புறம் சாமி படமும் வட்டமா வந்துச்சுன்னு புக்குல போட்டிருக்கு. நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல." கொஞ்சம் நடந்து போயிட்டு திரும்பி வந்து, "வெளிய சொல்லாதீய, கூட்டம் கூடிரும், பிள்ளைங்க படிக்கிற எடம்"னாங்க. அவங்க நம்பினாங்களா இல்லையான்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியல.

புள்ளைக்கு குப்பம்மான்னு பேரு வெச்சாங்க. நல்லா இருக்குது, ஒரு காய்ச்சலு கூட வந்ததில்ல. நான் மலைக்குப் போனா என்ன பாக்காம வுட மாட்டாங்க. தேனு, பலாச்சொளை, சாமைன்னு குடுத்து அனுப்புவாங்க, "வாங்கின அப்பா வந்துட்டாரு பாரு"ன்னு அந்தப் புள்ளைய கொண்டாந்து என் மடில உக்கார வெப்பாங்க. குமாரி ஒருவாட்டி, "முதுகுல அந்தத் தடம் இன்னும் லேசா கீது, பாக்கறீங்களாண்ணா"ன்னு சட்டைய தூக்கப் போனா. லோடு நிக்குதும்மான்னு எழுந்து வந்துட்டேன். அவங்க போடற சோத்த திங்கும்போதெல்லாம் வேற எவனுக்கோ வெச்ச எலைல உக்காந்த மாரி இருக்கும். சொல்லிடலாம்னு பல வாட்டி நெனச்சேன். நான் வாங்கல, என் வாயில இருந்து வர்லன்னு. அந்தப் பொண்ணு மூஞ்ச பாத்தா சொல்ல முடியல. ரெண்டு புள்ளைய பறிகுடுத்தவ, இப்பத்தான் நிம்மதியா தூங்கறா, அவள எழுப்பி உக்கார வெக்க எனக்கு இன்னா உரிமை கீது.

போன தை மாசம் காது குத்து. கூப்புட்டு அனுப்பிட்டாங்க, நான் இல்லாம நடக்காதுல்ல, வாங்கினவன் திருப்பிக் குடுக்கணுமே. பட்டையா துண்டு போட்டு மனையில உக்கார வெச்சாங்க. புள்ளைய மடில வெச்சாங்க, மொட்டை அடிச்ச தலை, சந்தனம் பூசி, அது என் சட்டைப் பொத்தான புடிச்சி இஸ்துகினு இருந்துச்சி. பொன்னி எதுக்க உக்காந்து கேட்டா, "குப்பைல கெடந்த புள்ளைய குடுக்கிறியா?" மூணு வாட்டி கேக்க வெக்கல நானு, மொத வாட்டியே சொல்லிட்டேன். "குடுத்துட்டேன்." ஊரே சிரிச்சிது, இன்னா அவசரம்னு. குமாரி புள்ளைய வாங்கி மொத மொத எல்லார் முன்னாடியும் என் புள்ளைன்னு சொல்லி முத்தம் குடுத்தா. எனக்கு மனசு கொஞ்சம் எறங்கினாப்ல இருந்துச்சி, ஒரு பாரம் போச்சிடான்னு.

சாப்பிட்டுட்டு கை கழுவிகினு இருக்கேன். பொன்னி தண்ணி ஊத்திகினே சொல்றா, சொம்மா பேச்சுக்கு சொல்ற மாரி, "இன்னாண்ணா, இன்னிக்கி உங்க கொரலு வேற மாரி இருந்துச்சி. அன்னிக்கி வண்டில வாங்கிக்கினேன்னு சொன்னீங்களே, அது இப்பிடி இல்லையே. ரெண்டு பேரு சேந்தாப்ல சொன்ன மாரி இருந்துச்சி."

நான் கைய தொடச்சிட்டு வண்டிய எடுத்துட்டேன். வாங்காத நான் குடுத்துட்டேன் சார். வாங்கின ரெண்டு பேரு இன்னும் குடுக்கல.